அவிழ்த்துவிட்ட கயிறு



லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தை இவ்வாரம் ஒரு மாலைப்பொழுதில் வீட்டில் எல்லோருமாக அமர்ந்து வாசித்துப் பாருங்கள். மனமாற்றம், இறையாட்சி, எருசலேமைக் குறித்த ஆண்டவரின் புலம்பல் எனப் பெரிய பொருள்களைப் பேசுகின்ற அதிகாரம் அது. ஆயினும் வாசித்துச் செல்லச் செல்ல, ஒரு கமக்காரருடைய வளவுக்குள் நடந்து திரிவது போன்ற உணர்வு உங்களுக்கு உண்டாகும். காய்க்காத அத்திமரத்தைச் சுற்றிக் கொத்தி எருப் போட்டுப் பார்க்கிறேன் என்று தோட்டத் தொழிலாளி கெஞ்சுகிறார். ஓய்வுநாளிலும் மாட்டையும் கழுதையையும் அவிழ்த்துத் தண்ணீர் காட்டக் கொண்டுபோகிறார்கள். கடுகுச் செடி மரமாகி அதன் கிளைகளில் பறவைகள் தங்குகின்றன. வீட்டுக்குள் ஒரு பெண் மாவைப் புளிக்க வைக்கிறார். வேலிக்கு அப்பால் நரி ஒன்று உலாவுகிறது; ஏரோதுவை ஆண்டவர் அப்பெயரால்தான் குறிப்பிட்டார். இறுதியில் ஒரு தாய்க்கோழி தன் குஞ்சுகளைச் சிறகுக்குள் கூட்டிச் சேர்க்கிறது.

நகரத்து ஆலயமொன்றில் இவை உவமைகளாகவே காதில் விழும். முள்ளியவளையில் அப்படியன்று. அங்கே வாசகம் முடிந்து வெளியே வந்தால் இவற்றுள் கழுதை ஒன்றைத் தவிர ஏனைய யாவும் வேலியோரத்தில் நின்றுகொண்டிருக்கும்.

முள்ளியவளையை அறியாத வாசகர்களுக்காகச் சில வார்த்தைகள். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்குப் போகும் ஏ 34 வீதியில், கடலை அடைவதற்குச் சற்று முன்னே இருக்கும் பழைய ஊர் அது. கரைதுறைப்பற்றுப் பிரதேசத்தைச் சேர்ந்தது. ஒருபுறம் வயலும் குளமும் காடும். மறுபுறம் சிறிது தூரத்தில் நந்திக்கடல். நெல்லும் மாடுமே அப்பகுதியின் பழைய செல்வம். அயலிலுள்ள வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் ஆலயத்தின் மரபுக் கதையிலும், நந்திக்கடலோரத்தில் மூதாட்டியாக வந்த அம்மனை முதலிற் கண்டு உபசரித்தவர்கள் மாடு மேய்த்துத் திரிந்த சிறுவர்களே. பெத்லகேம் வயல்வெளியில் நற்செய்தியை முதலிற் கேட்டவர்களை எண்ணிக்கொள்ளும் நமக்கு, அயலவரின் அக்கதை அந்நியமாகத் தோன்றாது.

இனி வீடுகளைப் பற்றி. 2008ஆம் ஆண்டின் இறுதியில் முள்ளியவளை மக்கள் ஊரை விட்டு வெளியேறினார்கள். புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று நகர்ந்து, 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது உயிரோடிருந்தவர்கள் செட்டிகுளத்து மெனிக்பாம் முகாமை வந்தடைந்தார்கள். மீளக்குடியேற்றம் நடந்த பின்னர் வளவுகளுக்குத் திரும்பியவர்கள் கண்டவை கூரையற்ற சுவர்களும், தூர்ந்த கிணறுகளும், முற்றம்வரை வளர்ந்து வந்த பற்றைக்காடும். பின்னாளில் இந்திய வீட்டுத்திட்டம் வந்தது. மொத்தம் ஐம்பதாயிரம் வீடுகள் கொண்ட அத்திட்டத்தில் வடக்கிலும் கிழக்கிலும் புதிய வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாவும், சேதமடைந்த வீட்டைத் திருத்துவதற்கு இரண்டரை இலட்சம் ரூபாவும் கட்டங்கட்டமாக வழங்கப்பட்டன. பழைய சுவரை முற்றாக இடிக்க மனமில்லாதவர்கள் திருத்துவதையே விரும்பினார்கள். சன்னத் துளைகளை அடைத்துப் பூசினார்கள். பாட்டனார் வைத்த நிலைக்கதவு எரியாமல் எஞ்சியிருந்தால் அதையே மறுபடியும் நிறுத்தினார்கள்.

வீடு திருத்துவதற்கான செலவுக் கணக்கில் மாட்டுக்கொட்டில் இல்லை. ஆயினும் பல வளவுகளில் கொட்டில் முந்திக்கொண்டது. முகாமிலிருந்து கொண்டுவந்த தகரமும் காட்டுத்தடியும் முதலில் ஆட்டுக்கும் கோழிக்கும் போயின. மனிதர் தறப்பாளின் கீழ் இருந்தார்கள். இதைப் புறத்தேயிருந்து வந்தவர்கள் அறியாமை என்று எண்ணியிருக்கலாம். எனக்கு அது அப்படித் தோன்றவில்லை. ஒரு பசு கன்று போட்டால் பிள்ளைகளுக்குப் பால். கோழி அடைகிடந்தால் இருபத்தொரு நாளில் குஞ்சு. ஆட்டுக்குட்டி வளர்ந்தால் பாடசாலைச் செலவு. சுவர் எதையும் ஈனுவதில்லை.

அப்படித் திருத்தப்பட்ட வீடொன்றின் விடியற்காலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஆலய மணி அடிப்பதற்கு முன்பே கன்று கத்தத் தொடங்கிவிடும். இரவில் தாயிடமிருந்து பிரித்துக் கட்டப்பட்ட கன்று அது. வன்னியின் நாட்டுப் பசு, கன்று வந்து முட்டிக் குடிக்காமல் பாலை இறக்காது. கன்றின் வாய் பட்டதும் தாயின் உடலில் ஒரு சுரப்பு உண்டாகி மடி இளகும். அதற்குப் பின்னரே கறப்பவரின் கைக்குப் பால் வரும். ஆதலால் கன்றை முதலில் விட்டு, இழுத்துக் கட்டி, கறந்து, மறுபடியும் விட வேண்டும். கிடைப்பது ஓரிரு லீற்றர்தான். கறக்கும் அம்மா ஒரு காம்பைக் கன்றுக்கென்று தொடாமல் விடுவார். எவ்வளவு கறக்கலாம், எவ்வளவு விட வேண்டும் என்று அவருக்கு எழுதிக் கொடுத்தவர் யாருமில்லை. பிறகு தவிடும் பிண்ணாக்கும் கழுநீரும். ஆடுகளுக்குப் பலாக்குழையும் கிளுவைக்குழையும் முறித்துக் கட்டித் தொங்கவிட வேண்டும். நிலத்திற் போட்டால் ஆடு மிதித்த குழையைத் தின்னாது. கோழிக்கூடு திறந்தவுடன் எண்ணிக்கை பார்க்க வேண்டும், ஏனெனில் இரவில் மரநாயோ நரியோ வந்திருக்கலாம். பிள்ளைகள் பாடசாலைக்குப் புறப்படுமுன் சாணம் அள்ளி எருக்குவியலிற் கொட்ட வேண்டும். இந்த வேலைக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது.

நீதிமொழிகள் நூல் நீதிமானைப் பற்றிப் பேசுமிடத்தில் (நீமொ 12:10) அவர் தம் கால்நடைகள் மீது பரிவுடையவர் என்கிற பொருள்படத் தமிழிலே வாசிக்கிறோம். குருமடத்தில் எபிரேயம் கற்றபோது அங்கே உள்ள வினைச்சொல் ‘அறிதல்’ என்று கண்டேன். நீதிமான் தம் விலங்கின் உயிரை அறிந்திருக்கிறார் என்பதே மூலத்தின் நேர்ப்பொருள். ஒருவரையொருவர் நெருங்கி உணர்ந்துகொள்வதற்கும் எபிரேயர் கையாளும் சொல் அது. பரிவு சில நேரம் தூரத்திலிருந்தும் வரும். அறிவதற்கோ அதிகாலையில் எழும்ப வேண்டும். எந்த மாடு எந்தப் பக்கம் படுக்கும், எது கூட்டத்தில் ஒதுங்கி நிற்கிறது, எதன் மூக்கு இன்று காய்ந்திருக்கிறது என்பதையெல்லாம் அறிந்த மனிதரைத்தான் அந்நூல் நீதிமான் என்கிறது.

இப்போது லூக்கா 13க்குத் திரும்புவோம். பதினெட்டு ஆண்டுகள் கூனியாய் நிமிர முடியாமலிருந்த ஒரு பெண்ணை ஆண்டவர் ஓய்வுநாளிலே நலமாக்கினார். தொழுகைக்கூடத் தலைவருக்குக் கோபம். அவருக்கு ஆண்டவர் அளித்த பதில் மிக எளிமையானது: உங்களில் யாரும் ஓய்வுநாளிலே மாட்டை அவிழ்த்துத் தண்ணீருக்குக் கொண்டுபோவதில்லையா என்று கேட்டார். அவ்வாறாயின் கட்டுண்டு கிடந்த இந்த ஆபிரகாமின் மகளை அவிழ்த்துவிடக் கூடாதா என்றார். கிரேக்க மூலத்தில் மாட்டுக்கும் பெண்ணுக்கும் ஒரே வினை, ‘அவிழ்த்தல்’. மாட்டை எங்கிருந்து அவிழ்க்கிறார்கள் என்பதற்கு அங்கே வரும் சொல் இன்னும் வியப்பானது. குழந்தை இயேசுவைக் கிடத்திய தீவனத்தொட்டியைக் குறிக்க லூக்கா தம் 2ஆம் அதிகாரத்தில் மூன்று முறை எழுதிய அதே சொல்தான் அது. புதிய ஏற்பாடு முழுவதிலும் அச்சொல் இந்நான்கு இடங்களில் மட்டுமே வருகிறது.

ஆண்டவரின் வாதம் எதன்மேல் நிற்கிறது என்று கவனியுங்கள். மாட்டைக் கட்டியவருக்கு அதற்குத் தண்ணீர் காட்டும் கடமை உண்டு; அதைப் பற்றி அங்கே யாரும் வாதிடவில்லை. கட்டாத மாடு தானே குளத்தைத் தேடிப் போகும். கட்டிய மாட்டுக்கு நாம்தான் குளம். கயிற்றின் ஒரு முனை மாட்டின் கழுத்தில் இருந்தால் மறுமுனை நம்முடைய மனச்சாட்சியில் இருக்கிறது.

முள்ளியவளையிலும் அதன் அயலிலும் உள்ள முதியவர்களோடு பேசினால், 2008ஆம் ஆண்டின் அந்த இறுதி நாள்களைப் பற்றி அவர்கள் சொல்லும்போது ஒரு செய்தி பெரும்பாலும் வந்து சேரும். வீட்டைப் பூட்டினோமா இல்லையா என்பது பலருக்கு நினைவில்லை. மாட்டை அவிழ்த்துவிட்டது நினைவிருக்கிறது. உழவு இயந்திரப் பெட்டியில் நெல்மூட்டையும் பாயும் பிள்ளைகளும் ஏறியபின் மாட்டுக்கு இடமில்லை. கட்டியபடி விட்டால் தாகத்தில் சாகும். ஆகவே கயிற்றை அவிழ்த்தார்கள். சிலர் கன்றின் கழுத்துக் கயிற்றை அறுத்தே விட்டார்கள், பற்றையில் சிக்கிக்கொள்ளாமல் இருப்பதற்காக. கோழிக்கூட்டைத் திறந்து வைத்தார்கள். நாய்கள் சில தூரம் வண்டியின் பின்னால் ஓடி வந்தன. தோபித்து நூலில் தோபியாவோடு நாய் ஒன்றும் பயணம் போய் வீடு திரும்புவதை (தோபி 6:1, 11:4) நாம் வாசிக்கிறோம். இந்த நாய்களுள் பெரும்பாலானவைக்கு அத்தகைய திரும்புதல் வாய்க்கவில்லை.

அன்று அவிழ்த்த கைகளை அந்த ஓய்வுநாள் வாசகத்தின் ஒளியிலேயே நான் பார்க்கிறேன். இனித் தண்ணீர் காட்ட முடியாது என்று கண்ட மனிதர் செய்யக்கூடிய கடைசிக் கடமை கயிற்றை அவிழ்ப்பதுதான். ‘விட்டுவிட்டு ஓடிவிட்டோமே’ என்று இன்னும் மனம் வருந்துகிற பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், இந்த வாசகத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். அதே அதிகாரத்தில் வரும் கோழியையும் காட்டுங்கள். பருந்தை எதிர்க்க அதனிடம் சிறகைத் தவிர வேறொன்றுமில்லை; அதை விரித்துக் குஞ்சுகளின் மேல் படுக்கும். பதுங்குகுழிகளில் பிள்ளைகளின் மேல் கவிழ்ந்து படுத்த தாய்மாருக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அவிழ்த்துவிட்ட மாடுகளுக்குப் பின்னர் என்ன நடந்தது என்பது இன்னொரு கேள்வி. அதுதான் இன்றைக்கும் சிலரை உறுத்திக்கொண்டிருக்கிறது. போருக்குப் பின் வன்னிக் காடுகளிலும் வெட்டைகளிலும் உரிமையாளரற்ற மாடுகள் கூட்டம் கூட்டமாகத் திரிந்தன. சில கண்ணிவெடியில் சிக்கின. பல பிடித்துச் செல்லப்பட்டன. முதலில் ஊர் திரும்பியவர்கள் தங்கள் மாட்டைத் தேடியபோது அயலவரின் மாட்டையும் கண்டார்கள். வன்னியில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குறி உண்டு. பெயரின் எழுத்தையோ ஓர் அடையாளத்தையோ மாட்டின் தோலிற் சுட்டு வைப்பது வழக்கம். குறி தெரிந்த மாடு உரியவரிடம் போய்ச் சேர்ந்த நல்ல செய்திகளும் உண்டு. குறியின்மேல் குறி சுட்ட செய்திகளும் உண்டு. குறி சுடப்படாத கன்றுகளோ தாயை இழந்தபின் யாருக்கும் உரியவை அல்லவென்றாயின.

‘அந்தக் காலத்தில் எங்கள் பட்டிக்குள் வந்து சேர்ந்த மாடு, அதன் வழி வந்த கன்றுகள், இவை எங்களுடையவையா?’ இந்தக் கேள்வியை மனச்சாட்சியில் சுமப்பவர்கள் இருக்கிறார்கள். விவிலியம் இதைப் பற்றி மௌனமாயிருக்கவில்லை. பகைவனுடைய மாடு வழிதவறித் திரிவதைக் கண்டாலும் அவனிடம் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும் என்கிறது விடுதலைப் பயண நூல் (விப 23:4). இணைச்சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது (இச 22:2). உரியவர் அருகில் இல்லாவிட்டாலோ, யாரென்று தெரியாவிட்டாலோ, மாட்டை உன் வீட்டுக்குக் கொண்டுபோ; அவர் தேடி வரும்வரை வைத்திரு; வந்ததும் கொடுத்துவிடு என்பது அதன் கருத்து. ஆகவே ஆளில்லா மாட்டைக் கொண்டுவந்து வளர்த்தது குற்றமாகாது. காட்டில் சாகவிடாமல் காத்தது நற்செயலே. ஆயின் சட்டம் அதை ‘வைத்திரு’ என்கிறது. உன் சொத்தாக்கிக்கொள் என்று சொல்லவில்லை. தேடி வந்தவரிடம் ‘குறி தெரியவில்லை’ என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தால், அது களவு. இதை மென்மையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

தேடி வராதவர்கள்? அவர்களுள் பலர் இனி வரப்போவதில்லை என்பது நமக்குத் தெரியும். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமா அக்குவினார் தம் இறையியல் தொகுப்பிலே இத்தகைய நிலையை ஆராய்ந்திருக்கிறார். திருப்பிக் கொடுக்க வேண்டியவர் இன்னாரென்று அறவே தெரியாவிட்டால், அவர் உயிரோடிருந்தாலும் இறந்திருந்தாலும், அவருடைய ஆன்ம நலனுக்காக அதை ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவரது தீர்ப்பு. இதனை நம் வளவுகளுக்குப் பொருத்திப் பார்க்க அதிகம் சிந்திக்க வேண்டியதில்லை. அந்தப் பசுவின் வழி வந்த கன்றொன்றை, உழைக்க ஆளில்லாத அயல்வீட்டுப் பெண்ணுக்குக் கயிற்றோடு கொடுக்கலாம். அது முடியாவிட்டால் நாள்தோறும் ஒரு போத்தல் பாலாவது பிள்ளைகள் உள்ள ஏழை வீடொன்றுக்குப் போகட்டும். பெயர் தெரியாத அந்த உரிமையாளருக்காக ஒரு செபமும் சொல்லலாம்.

இன்றைய நிலைக்கு வருவோம். கயிறு தொடர்பாக இன்றைக்கு நமக்குள்ள சிக்கல் வேறு விதமானது. மாரி மழையோடு காலபோக விதைப்புத் தொடங்கியதும் வயலெல்லாம் பயிராகிவிடும். முன்னர் மாடுகளைக் காட்டோரங்களுக்குச் சாய்த்துச் சென்று, அரிவி வெட்டு முடிந்தபின் வயலுக்குத் திருப்பிக் கொண்டுவருவார்கள். இப்போது மேய்ச்சல் தரை குறைந்துவிட்டது. மாடு சாய்க்கப் போக இளைஞரும் இல்லை. எனவே மாடுகள் வீதிக்கு வருகின்றன. இரவில் சூடான தார் வீதியிற் படுத்துக்கொள்கின்றன. மோட்டார் சைக்கிளில் வருபவர் கறுத்த மாட்டை இருளில் காண்பதில்லை. பிரதேச சபைகள் கட்டாக்காலி மாடுகளைப் பிடித்துத் தண்டம் அறவிடுகின்றன. தண்டத்தைப் பற்றிக் குறைப்படுவோர் விடுதலைப் பயண நூலின் 21ஆம் அதிகாரத்தையும் பார்ப்பது நன்று. முட்டும் மாடென்று தெரிந்திருந்தும் அதைக் கட்டிவைக்காத உரிமையாளரை மோசேயின் சட்டம் கடுமையாகவே பொறுப்பாக்குகிறது. 2008இல் மாட்டை அவிழ்த்ததும் இன்று மாலையில் கட்டாமல் விடுவதும் ஒன்றாகா.

கொட்டிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 டிசெம்பரில் ‘மண்டோஸ்’ புயற்காலத்தில் வீசிய குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் மடிந்தன. முல்லைத்தீவு மாவட்டமும் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. புதிய நோய் ஏதுமோ என்று முதலில் அஞ்சினார்கள். குளிரே காரணம் என்று பின்னர் அறியப்பட்டது. திறந்த பட்டியிலே மழையில் நனைந்து, காற்றில் நின்று, வெறும் வயிற்றோடு இருந்த மாடுகளே மிகுதியாக வீழ்ந்தன. நனைந்த மயிர் உடற்சூட்டைக் காக்காது. மாட்டின் முதல் வயிற்றில் தீன் புளித்துச் செரிக்கும்போது எழும் சூடுதான் குளிரில் அதற்கு உள்ளடுப்பு. வயிறு வெறுமையானால் அடுப்பும் அணைந்துவிடும். எனவே மாரிக்கு முன் வைக்கோலை நனையாமல் சேர்த்து வைப்பதும், காற்று வரும் பக்கத்தைக் கிடுகாலோ சாக்காலோ மறைப்பதும், புயல் எச்சரிக்கை கேட்ட அன்று மாடுகளை மேட்டுக்குக் கொண்டுவந்து உலர்ந்த வைக்கோல் போடுவதும் பெரிய செலவில்லாத காரியங்கள். வாழ்வாதார உதவியாகக் கலப்பினப் பசு பெறுவோர் இன்னும் கவனமாயிருக்க வேண்டும். அதற்கு நாட்டு மாட்டைவிடத் தண்ணீரும் தீனும் நிழலும் அதிகம் தேவை. கொட்டில் இல்லாத வீட்டுக்குப் பசுவைக் கொடுப்பவர்கள் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பசு தான் நிற்க நிழல் தேடுகிறது. அடுத்த முறை கொடுக்கும் எவரும் பத்துத் தகரத்தையும் சேர்த்தே கொடுக்கட்டும்.

ஓய்வுநாள் கட்டளையை மறைக்கல்வியில் படித்த பிள்ளைகளிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். அந்நாளில் யார் யாருக்கு ஓய்வு? நீ, உன் மகன், மகள், பணியாளர் என்று சொல்லிக்கொண்டு வருவார்கள், கால்நடையை மறந்துவிடுவார்கள். விவிலியத்தில் அதுவும் அப்பட்டியலில் இருக்கிறது (விப 20:10). திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலிலும் இந்த ஓய்வுநாளை நினைவூட்டியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை திருப்பலிக்குப் பின் பிள்ளைகள் வீட்டு மாட்டைக் குளத்திற்குக் கொண்டுபோய்க் கழுவி, உண்ணி பார்த்துவிட்டு வருவது மறைக்கல்வியின் தொடர்ச்சிதான்.

தைப்பொங்கலுக்கு மறுநாள் நம் அயலவர்கள் பட்டிப்பொங்கல் கொண்டாடுகிறார்கள். அதற்கு ஓரிரு நாள்களின் பின்னர், ஜனவரி 17ஆம் நாள், வனத்து அந்தோனியாரின் திருநாள் வருகிறது. வளர்ப்பு விலங்குகளின் பாதுகாவலர் என்று போற்றப்படும் அவருடைய திருநாளில் பல நாடுகளின் ஆலயங்களில் கால்நடைகளை ஆசீர்வதிப்பார்கள். திரு அவையின் ஆசியுரை நூலில் விலங்குகளுக்கென்று தனி வழிபாட்டு முறையே உண்டு. உங்கள் வீட்டில் மாடோ ஆடோ இருந்தால், ஜனவரி பிறக்கும்போதே பங்குத்தந்தையிடம் சொல்லி வையுங்கள். மாட்டை ஆலயத்துக்குக் கொண்டுவந்து கட்ட வேண்டியதில்லை. அவர் கொட்டிலுக்கே வருவார். கன்றின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ள அவருக்கு ஒரு நிமிடம் கொடுங்கள். முற்றத்தில் சாணம் இருந்தாலும் பரவாயில்லை.